புது மாரத்தான் தடம்: ஆற்றங்கரை, வயல்வெளி, கடைசியில் குன்று. தாராளமாகக் குறை சொல்லுங்கள்

ஆற்றோரன்:
எங்கள் ஓட்டக் குழு முதல்முறையாக ஒரு முழு மாரத்தானுக்குத் தடம் போட்டுக்கொண்டிருக்கிறது. நகரத்துக்குள் மேம்பாலம் ஏறி மேம்பாலம் இறங்கி எல்லோருக்கும் அலுத்துவிட்டது. அதனால் இந்த முறை முழுக்க முழுக்க கிராமப்புறம்.

தொடக்கம் மேலே நீர்த்தேக்கத்தின் கரை. இரண்டாவது கி.மீ.-ல் ஒரு பழைய கல்பாலம், பார்க்கவே அவ்வளவு அழகு. அப்புறம் 15 வரை கால்வாய்க் கரை, 15 முதல் 26 வரை ஆற்றங்கரை மரங்கள், 26 முதல் 38 வரை வானம் முழுக்கத் தெரிகிற வயல்வெளி. கடைசி நான்கு கி.மீ. குன்றின் மேல் ஏறி, மொத்தப் பள்ளத்தாக்கும் காலடியில் தெரிகிற இடத்தில் முடிப்பு. காலை 6 மணிக்குத் தொடங்கி ஆறு மணி நேரக் கெடு.

முதல் 38 கி.மீ.-ல் 150 மீட்டர் இறக்கம், கடைசியில் 90 மீட்டர் ஏற்றம். வரைபடத்தில் பார்த்தபோது எனக்கே புல்லரித்தது. குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

மேட்டுக்காரன்:
தம்பி, புல்லரித்தது உங்களுக்கு. ஓடுகிறவனுக்குத் தொடை அரிக்கும்.

நான் மேட்டிலேயே ஓடிப் பழகியவன், ஏற்றத்தைப் பார்த்துப் பயப்படுகிற ஆள் இல்லை. ஆனால் உங்கள் தடத்தில் ஏற்றத்தை விட இறக்கம்தான் கெட்ட பயல். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்கிப் பிடிக்கிறது. பிரேக் போட்டுக்கொண்டே வண்டி ஓட்டுவது போல. மூச்சு வாங்காது, நாடி ஏறாது, எல்லாம் நன்றாகப் போவதாகத் தோன்றும். ஆனால் தசை நார்கள் நுண்ணளவில் கிழிந்துகொண்டே வரும். மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் பின்பக்கமாக இறங்குவோமே, அந்த வலிக்கு மூலகாரணம் இதுதான். 38 கி.மீ. அப்படிக் கறந்து எடுத்துவிட்டு, கால் ஓய்ந்துபோன ஆளைப் பார்த்து "இப்போது 90 மீட்டர் ஏறு" என்றால் எப்படி?

ஏதென்ஸ் தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், மாரத்தான் ஊரிலிருந்து பளிங்கு அரங்கம் வரை. அங்கே பத்தாவது கி.மீ.-ஐத் தாண்டி ஏறத் தொடங்கினால் 31 வரை விட்டு விட்டு ஏறிக்கொண்டே இருக்கும். கடினமான தடம்தான். ஆனால் கடைசிப் பத்து கி.மீ. இறக்கம். உச்சி எங்கே இருக்கிறது என்று தெரிந்து மனசைத் தயார்படுத்திக்கொள்ளலாம். ஸ்விட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ் மாரத்தான் நேர் எதிர், மலை மேலேதான் முடிகிறது. ஆனால் அங்கே போகிறவர்கள் மலை ஓட்டம் என்று தெரிந்தே போகிறார்கள். உங்களுடையது எந்த வகை என்று முதலில் முடிவு செய்யுங்கள். ரெண்டும் கெட்டானாக வைக்காதீர்கள்.

அளவுநாடா:
நான் தடம் அளக்கிற வேலையில் கொஞ்சம் பழக்கமுள்ளவன். இரண்டு விஷயம்.

ஒன்று, உலகத் தடகள அமைப்பின் விதிப்படி சாதனைக் கணக்கில் சேர வேண்டுமானால் தொடக்கத்துக்கும் முடிப்புக்கும் உள்ள மொத்த இறக்கம் கி.மீ.-க்கு ஒரு மீட்டரைத் தாண்டக்கூடாது. மாரத்தானுக்கு அது 42 மீட்டர். உங்களுக்கு 150 கழித்தல் 90, அதாவது 60. போயிற்று.

இரண்டு, தொடக்கப் புள்ளிக்கும் முடிப்புப் புள்ளிக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் ஓட்டத்தின் பாதியைத் தாண்டக்கூடாது. அதாவது 21 கி.மீ. சொச்சம். பள்ளத்தாக்கு நெடுக ஒரே திசையில் போகிற தடம் அதிலும் தேறாது. காரணம் காற்று. ஒரே திசையில் போகும்போது பின்காற்று அடித்தால் எல்லோரையும் தள்ளிக்கொண்டு போய்விடும்.

இதற்குப் பெரிய உதாரணம் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தான். 2011-ல் ஜெஃப்ரி முட்டாய் அங்கே 2:03:02-ல் ஓடினார். அன்றைய உலக சாதனை 2:03:59. ஆனாலும் சாதனையாக ஏற்கவில்லை. இறக்கம், நேர்கோட்டுத் தூரம் இரண்டிலும் பாஸ்டன் விதிக்கு வெளியே.

ஆற்றோரன்:
ஐயா, எங்கள் குழுவில் முட்டாய் யாரும் இல்லை. நாலரை மணி, ஐந்து மணி நேர ஆட்கள்தான். உலக சாதனை விதி எங்களுக்கு எதற்கு? மனசுக்கு நிறைவாக ஓட ஒரு இடம், அவ்வளவுதான் கேட்கிறோம்.

அளவுநாடா:
சாதனைக்கு வேண்டாம், சரி. ஆனால் உங்கள் ஓட்டத்தில் வாங்கிய நேரத்தைக் காட்டி வேறு பெரிய ஓட்டத்துக்கு விண்ணப்பிப்பார்களே. இப்போது பாஸ்டனே தகுதி நேரத்துக்கு இறக்கக் கணக்கு பார்க்கத் தொடங்கிவிட்டது. 2027 ஓட்டத்திலிருந்து, மொத்த இறக்கம் 1,500 அடியைத் தொட்ட தடத்தில் ஓடியவர் நேரத்தோடு ஐந்து நிமிடம் கூட்டிக்கொள்வார்கள். உங்கள் இறக்கம் அதில் பாதிகூட இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் தூரம் சரியாக இருந்தே ஆக வேண்டும்.

கையில் கட்டுகிற ஜி.பி.எஸ். கடிகாரத்தை வைத்து அளந்துவிட்டேன் என்று சொல்லிவிடாதீர்கள். இந்தப் பதிலை நான் நூறு பேருக்கு எழுதியிருப்பேன், இருந்தாலும் எழுதுகிறேன்.

அளப்பது சைக்கிளில். முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுண்டர் என்று ஒரு சிறு எண்ணி இருக்கும், சக்கரம் சுற்றச் சுற்ற எண் ஏறும். முதலில் குறைந்தது 300 மீட்டர் நேர்ச் சாலையை எஃகு நாடாவால் அளந்து, அதில் நான்கு முறை சைக்கிள் ஓட்டி, ஒரு கி.மீ.-க்கு எத்தனை எண் என்று கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் தடத்தை அளக்க வேண்டும். முடிந்ததும் திரும்பவும் அதே 300 மீட்டரில் நான்கு முறை. ஏன் திரும்பவும்? வெயில் ஏறினால் டயருக்குள் காற்று விரிந்து சக்கரம் ஒரு மயிரிழை பெரிதாகிவிடும், எண் குறையும். அந்த மயிரிழை 42 கி.மீ.-ல் பல மீட்டராகிவிடும்.

வளைவில் ஓரக் கல்லிலிருந்து 30 செ.மீ. தள்ளி, ஓடுகிறவர் போகக்கூடிய மிகக் குறுகிய வழியில் அளக்க வேண்டும். கடைசியில் கி.மீ.-க்கு ஒரு மீட்டர் கூடுதலாகச் சேர்ப்போம். மொத்தம் 42 மீட்டர். அளவில் பிழை இருந்தாலும் தடம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக.

குறைந்தால் என்ன ஆகும்? மான்செஸ்டர் மாரத்தானில் 2013 முதல் 2015 வரை மூன்று ஆண்டும் தடம் 380 மீட்டர் குறைவாக இருந்தது. அது பிறகுதான் தெரிந்தது. ஓடி முடித்து, பதக்கம் மாட்டி, வீட்டில் படம் வைத்த ஆட்களிடம் போய் "நீங்கள் ஓடியது மாரத்தானே இல்லை" என்று சொல்ல வேண்டியதாயிற்று. அதைச் சொல்கிற இடத்தில் நீங்கள் இருக்க ஆசையா?

ஆற்றோரன்:
இல்லை ஐயா. வாயை மூடிக்கொள்கிறேன்.

கடைசிவரிசை:
எல்லோரும் தொடையையும் டயரையும் பேசிவிட்டீர்கள். நான் ஆறு மணி நேர ஆள். பெயரிலேயே தெரியும். என் கணக்கைக் கொஞ்சம் கேளுங்கள்.

ஆறு மணி நேரத்தில் முடிக்க வேண்டுமானால் கி.மீ.-க்கு எட்டரை நிமிடம். ஆறு மணிக்குத் தொடங்கினால் உங்கள் "வானம் முழுக்கத் தெரிகிற" வயல்வெளிக்குள் நான் நுழைவது 9.40. வெளியே வருவது 11.20-க்கு மேல். ஒன்றே முக்கால் மணி நேரம் ஒரு மரம் இல்லாமல். முன்னால் ஓடுகிறவர் அதே இடத்தை எட்டு மணிக்கு இளவெயிலில் கடந்திருப்பார். அவர் படத்தில் பச்சைப் பசேல் என்று இருக்கும். என் படத்தில் நானே இருக்க மாட்டேன், படம் எடுக்கிறவர் கிளம்பியிருப்பார்.

தடம் போடுகிறவர்கள் எல்லோரும் விடியற்காலையில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள், அதுதான் பிரச்சினை. பதினொரு மணிக்கு ஒருமுறை போய் நில்லுங்கள் தம்பி. ஓட வேண்டாம். சும்மா நில்லுங்கள்.

காலைப்பனி:
மன்னிக்கவும், இப்படியே போனால் கடைசியில் ஒரு மைதானத்தைச் சுற்றி நூறு முறை ஓடச் சொல்வீர்கள். தட்டையாக, நிழலாக, அளவாக, பாதுகாப்பாக.

கலிஃபோர்னியாவில் பிக் சர் மாரத்தான் இருக்கிறது. கடலோர நெடுஞ்சாலை எண் 1-ல். பதினாறாவது கி.மீ. வாக்கில் ஹரிகேன் பாயின்ட் என்ற மேட்டில் மூன்று கி.மீ. விடாத ஏற்றம், பெயருக்கு ஏற்ற காற்று. ஏறி இறங்கினால் பாதித் தூரத்தில் பிக்ஸ்பி பாலம். அங்கே ஒருவர் பெரிய பியானோ வைத்து வாசித்துக்கொண்டிருப்பார். அதற்காகவே உலகம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். நேரம் கெட்டுப்போகும் என்று தெரிந்தே வருகிறார்கள். ஆற்றோரன், உங்கள் குன்றை விட்டுக்கொடுக்காதீர்கள்.

முப்பத்திரண்டு:
காலைப்பனி சொன்ன உதாரணத்திலேயே பதில் இருக்கிறது. பிக்ஸ்பி பாலம் எங்கே வருகிறது? பாதியில். 42-ல் இல்லை.

மாரத்தானில் 30, 32-க்கு மேல் தசையில் சேர்த்து வைத்த சர்க்கரை தீர்ந்து உடம்பு கைவிரித்துவிடும். கண் திறந்திருக்கும், ஆனால் பார்வை முன்னால் போகிறவர் முதுகைத் தாண்டாது. நான் பதினோரு மாரத்தான் ஓடியிருக்கிறேன். எந்த ஓட்டத்திலும் 35-வது கி.மீ.-ல் என்ன பார்த்தேன் என்று கேட்டால் சாலையில் அடித்த வெள்ளைக் கோடு என்றுதான் சொல்வேன். ஒருமுறை கோட்டில் எங்கே பெயின்ட் உரிந்திருந்தது என்பது வரை நினைவிருக்கிறது.

ஆகவே அழகை எட்டிலிருந்து 26-க்குள் செலவழித்துவிடுங்கள். அப்போதுதான் உடம்பு சூடேறி, மனசு லேசாக, வேடிக்கை பார்க்கத் தெம்போடு இருக்கும். 32-க்கு மேல் வேண்டியது மனிதர்கள். கைதட்டுகிறவர், பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர், தண்ணீர் நீட்டுகிறவர். கிராமப்புறத் தடத்தின் பெரிய பலவீனமே அதுதான். கடைசிப் பத்து கி.மீ.-ல் ஆள் அரவமே இருக்காது. தன் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். அந்த நேரத்தில் அது நல்ல துணை இல்லை.

கடைசிவரிசை:
இதில் எனக்கு உடன்பாடு இல்லை. போன ஓட்டத்தில் 36-வது கி.மீ.-ல் நான் அழுதுகொண்டே நடந்தேன். பக்கத்தில் ஒரு வாய்க்கால், தண்ணீர் எனக்கு எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் இல்லையென்றால் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். கைதட்டுகிறவர்கள் எல்லாம் எனக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். வாய்க்கால் போகவில்லை.

முப்பத்திரண்டு:
அதற்கு என்னிடம் பதில் இல்லை அக்கா. ஒப்புக்கொள்கிறேன்.

வெள்ளைப்பெட்டி:
ஓட்டங்களில் மருத்துவக் கூடாரத்தில் தன்னார்வலராக நிற்கிறேன். கிராமப்புறத் தடம் என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். காரணம் ஒன்றே ஒன்று: சாலை ஒன்றுதான். அதில் ஓடுகிறவர்களும் போக வேண்டும், ஆம்புலன்ஸும் போக வேண்டும்.

இதயம் நின்றுபோனால் மின்னதிர்ச்சி கொடுக்கத் தாமதமாகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. பத்து நிமிடம் தாமதித்தால் என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். ஆகவே "பக்கத்து மருத்துவமனை இருபது நிமிடத்தில்" என்பது எனக்குப் பதிலே இல்லை. மின்னதிர்ச்சிக் கருவி தடத்தின் மேலேயே, சைக்கிளிலோ பைக்கிலோ நகர்ந்துகொண்டு இருக்க வேண்டும். வெயில் தாக்கி விழுந்தவரை வண்டியில் ஏற்றி அனுப்புவதற்கு முன், அங்கேயே பனிக்கட்டித் தண்ணீர்த் தொட்டியில் கழுத்தளவு உட்கார வைத்துக் குளிர்விக்க வேண்டும். முதலில் குளிர்வி, அப்புறம் அனுப்பு. அதற்குத் தொட்டி வேண்டும், பனிக்கட்டி வேண்டும், அவை வருவதற்கு ஒரு பக்கச் சாலை வேண்டும். உங்கள் 26 முதல் 38 வரை பக்கச் சாலை எத்தனை?

அப்புறம் கைப்பேசி சிக்னல். பள்ளத்தாக்கில் பல இடங்களில் இருக்காது. வாக்கி டாக்கி வைத்துக்கொள்ளுங்கள். கி.மீ. பலகையில் எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். "ஒரு வேப்பமரத்துக்குப் பக்கத்தில் விழுந்து கிடக்கிறார்" என்று ஒருவர் தகவல் சொன்னால் நான் எந்த மரத்தைத் தேடுவேன்?

இன்னொன்று, கடைசிவரிசை அக்காவுக்காக. வெயில் என்றதும் எல்லோரும் கி.மீ.-க்கு ஒரு தண்ணீர் மேசை போடக் கிளம்புகிறார்கள். வேண்டாம். 2002 பாஸ்டன் ஓட்டத்தில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்து 2005-ல் வெளியிட்ட ஆய்வில், 13 விழுக்காட்டினருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. வியர்வையில் போனதை விட அதிகமாகக் குடித்து, ஓட்டத்தில் எடை கூடியவர்களிடம்தான் அது அதிகம். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுக்கு ஆபத்து கூடுதல். மெதுவாக ஓடுகிறவர்தான் ஒவ்வொரு மேசையிலும் நின்று குடிப்பார். தாகத்துக்குக் குடித்தால் போதும். உப்புக் கலந்த பானம் என்றாலும் அளவு மீறிக் குடித்தால் காப்பாற்றாது. விதிகள் சொல்கிற சுமார் ஐந்து கி.மீ. இடைவெளி, நடுவில் தலையில் ஊற்றிக்கொள்ள மட்டும் தண்ணீர், நனைத்த பஞ்சு. வெயிலானால் இடைவெளியைக் கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவுதான்.

ஆற்றோரன்:
இரண்டு வாரமாகக் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். கடைசிவரிசை அக்கா சொன்ன மாதிரியே பதினொரு மணிக்குப் போய் நின்றேன். இருபது நிமிடம் தாங்கவில்லை, சைக்கிளின் நிழலில் உட்கார்ந்தேன். சைக்கிளுக்கு எவ்வளவு நிழல் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம் முழுத் தடத்தையும் ஓட்டிப் பார்த்தேன். வரைபடத்தில் இல்லாதவை ஒவ்வொன்றாக வந்தன. 29-ல் ஒரு ரயில்வே கேட். எட்டு நிமிடம் மூடிக் கிடந்தது. ஓட்டத்தன்று மூடினால் யாருடைய நேரத்தை நிறுத்துவது? 33-ல் ஒருவர் வயலில் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தார். காற்று சாலைப் பக்கம். அவர் வயல், அவர் வேலை. நாம் போய்க் கேட்டு, நாள் பேசி வைக்க வேண்டும். ஒரு வீட்டில் மூன்று நாய்கள், கொஞ்சத் தூரம் என்னோடு பந்தயம் வைத்தன, வென்றும் விட்டன. ஆற்றங்கரையில் இரண்டு கி.மீ. தார் இல்லை, வெறும் மண். மழை பெய்தால் சேறுதான்.

ஆகவே பழைய தடத்தைக் கிழித்துப் போட்டாயிற்று. புதியது இப்படி:

தொடக்கமும் முடிப்பும் கீழே ஆற்றோர மைதானத்தில். கால்வாய்க் கரைச் சாலையில் ஒன்பது கி.மீ. போய், அங்கிருந்து 24 கி.மீ. ஒரு வளையம், திரும்ப அதே ஒன்பது கி.மீ. மிச்ச 195 மீட்டர் மைதானத்துக்குள். வளையத்தில் 10 முதல் 17 வரை ஆற்றங்கரை மரங்கள், அப்புறம் குன்றில் பாதி உயரம் வரை மெதுவான ஏற்றம். பள்ளத்தாக்கு தெரிகிற முனை சரியாக 21-ல். இறங்கி, 26 முதல் 31 வரை வெட்டவெளி, பிறகு திரும்பக் கால்வாய். ரயில்வே கேட் இல்லை. ஆம்புலன்ஸ் நுழைய வளையத்தில் ஐந்து பக்கச் சாலைகள். 5.30-க்கே தொடக்கம். கால்வாய் மேசைகள் போகும்போதும் வரும்போதும் பயன்படும், ஆட்களும் பாதி போதும். குன்றின் உச்சியில் முடிக்கவில்லை என்று காலைப்பனிக்கு வருத்தம் இருக்கும்.

காலைப்பனி:
வருத்தம்தான். ஆனால் 21-ல் அந்த முனை வருகிறது என்றால் பொறுத்துக்கொள்கிறேன். அங்கே கால் நிமிடம் நிற்க இடம் விடுங்கள், ஓரமாக. நின்று பார்க்கிறவர்கள் பின்னால் வருகிறவரை மறிக்காமல்.

அளவுநாடா:
தொடக்கமும் முடிப்பும் ஒரே இடம், இறக்கம் பூஜ்யம். நல்லது. கல்பாலம் இன்னும் இருக்கிறதா? அது இரண்டாவது கி.மீ.-ல் இருந்தது, ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஒரு சின்னப் பாலத்தில் நெருக்கியடித்திருப்பார்கள். கூட்டம் நீளவாக்கில் பிரிய ஆறேழு கி.மீ. ஆகும்.

ஆற்றோரன்:
பாலம் இப்போது 12-ல், வளையத்துக்குள். கூட்டத்தை மூன்று அலையாகப் பிரித்து ஐந்து ஐந்து நிமிட இடைவெளியில் விடலாம் என்று நினைக்கிறோம்.

அளவுநாடா:
சரி. இன்னொரு பேச்சு. போகிறவர்களும் வருகிறவர்களும் ஒரே சாலை என்றால் நடுவில் கூம்பு வைப்பீர்கள். கூம்பை எங்கே வைத்து அளந்தோமோ, அன்றைக்கும் அதே இடத்தில் இருக்க வேண்டும். கிராமச் சாலை நெளிந்து நெளிந்து போகும். முழு அகலமும் திறந்திருந்தால் ஒரு வளைவின் உள்முனையிலிருந்து அடுத்த வளைவின் உள்முனைக்கு நேராக வெட்டிப் போகலாம், ஒரு பாதி மட்டும் என்றால் வெட்ட முடியாது. இரண்டுக்கும் தூரம் வேறு. பிரைட்டன் மாரத்தானில் 2021-ல் கூம்பு வைத்ததில் நடந்த தவறால் ஓடியவர்கள் எல்லோரும் 568 மீட்டர் கூடுதலாக ஓடினார்கள். மான்செஸ்டருக்கு இது பரவாயில்லை என்று சொல்லலாம், ஆனால் மூன்று மணி நேரத்துக்கு ஐந்து விநாடி குறைவாக முடித்திருக்க வேண்டியவரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

கூம்பு இடத்தைச் சாலையில் ஆணியடித்துப் பெயின்ட் குறி போட்டு வையுங்கள். பக்கத்து மின்கம்பத்தின் எண்ணையும், அதிலிருந்து எத்தனை மீட்டர் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தடம் தெரிந்த ஆள் வேறு ஊருக்குப் போய்விட்டாலும் அந்தத் தாள் இருக்கும். வளையத்தின் கடைக்கோடியில் நேரம் பதிகிற பாயும் ஒன்று வேண்டும், குறுக்கே புகுந்து வருகிறவர்களுக்காக. இருப்பார்கள்.

மேட்டுக்காரன்:
மாற்றுத் தடமும் ஒன்று கையில் இருக்கட்டும். தென்னாப்பிரிக்காவின் டூ ஓஷன்ஸ் 56 கி.மீ. ஓட்டத்தில் சாப்மன்ஸ் பீக் என்ற மலையோரச் சாலைதான் மணிமகுடம். பாறை சரிந்தோ தீப்பிடித்தோ அது மூடப்பட்டால் வேறு கணவாய்ச் சாலை வழியாக விடுவார்கள். பிக் சரிலும் சாலை சரிந்த ஆண்டுகளில் பாதி தூரம் போய்த் திரும்புகிற தடமாக மாற்றியிருக்கிறார்கள். அழகான இடம் என்றாலே ஏதோ ஒன்று சரியும், வழியும், முறியும். ஆறு பெருகினால் உங்கள் 10 முதல் 17 என்ன ஆகும்?

ஆற்றோரன்:
கால்வாய்க் கரையிலேயே இரண்டு முறை போய்த் திரும்புவதுதான் மாற்று. அழகு பாதி போய்விடும், ஓட்டம் நடக்கும். அதையும் முன்கூட்டியே அளந்து வைத்துவிடுகிறோம்.

முப்பத்திரண்டு:
ஓடுகிறவர் கண்ணோட்டத்தில் ஒரு சின்ன விஷயம். கிராமச் சாலை நடுவில் உயர்ந்து ஓரம் சரிந்திருக்கும், தண்ணீர் வடிய. கூம்பு வைத்து எல்லோரையும் ஒரே பக்கச் சரிவில் 18 கி.மீ. ஓட வைத்தால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில். முழங்காலின் வெளிப்புறம் கழன்றுவிடும். கால்வாய்ச் சாலை எப்படி?

ஆற்றோரன்:
ஓரளவு தட்டைதான். போகும்போது இடது, வரும்போதும் அவரவர் இடது என்றால் சரிவு ஒரே பக்கமாகத்தான் இருக்கும், இல்லையா? அது தோன்றவில்லை. நீர்மட்டக் குழாய் வைத்துப் பார்க்கிறேன்.

கடைசிவரிசை:
புதுத் தடம் பிடித்திருக்கிறது. ஆனால் என் கணக்கு இன்னும் முடியவில்லை. 5.30-க்குக் கிளம்பினால் 26-ல் நான் 9.10-க்கு. 31-ல் 9.55-க்கு. ஐந்து கி.மீ. வெட்டவெளி இன்னும் எனக்குத்தான். பன்னிரண்டிலிருந்து ஐந்தாகக் குறைந்தது, நன்றி. அப்புறம் 33-லிருந்து கால்வாய். அங்கே மரம் எந்தப் பக்கம்?

ஆற்றோரன்:
சாலை வடக்கு தெற்காகப் போகிறது. மரம் கிழக்குக் கரையில்.

கடைசிவரிசை:
அப்படியானால் காலை நிழல் சாலையில் விழும். சாலை கிழக்கு மேற்காக இருந்திருந்தால் இரண்டு பக்கமும் மரம் நின்றாலும் வெயில் நீளவாக்கில் உள்ளே வந்துவிடும். நல்ல வேளை. பதினொன்றரைக்கு நிழல் சுருங்கி மரத்தடிக்கே போயிருக்கும், ஆனால் கிழக்கு ஓரமாக ஒட்டிப் போனால் கொஞ்சம் கிடைக்கும். அந்த ஓரத்தைத் திரும்பி வருகிறவர்களுக்குக் கொடுங்கள். போகிறவர்களுக்கு அப்போது இருட்டு, நிழல் எதற்கு?

மேட்டுக்காரன்:
அட, வளையத்தை எதிர்த்திசையில் ஓடினால் என்ன? கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெட்டவெளி 26 முதல் 31 வரை இருப்பது, 11 முதல் 16-க்கு வந்துவிடும். அக்கா அங்கே ஏழு மணி வாக்கில் இருப்பார். பள்ளத்தாக்கு முனை வளையத்தின் நட்டநடுவில் இருப்பதால் அது 21-லேயே நிற்கும். ஆற்றங்கரை மரங்கள் 25-லிருந்து 32 வரை, உடம்பு கெஞ்சத் தொடங்குகிற இடத்தில் நிழலும் தண்ணீர்ச் சத்தமும்.

முப்பத்திரண்டு:
அக்காவின் வாய்க்கால் கட்சி வென்றது. ஆனால் முனைக்கு ஏறுகிற பக்கம் மாறும். அந்தப் பக்கம் செங்குத்தா?

ஆற்றோரன்:
ஆமாம், கொஞ்சம் செங்குத்து. முன்பு இறங்கிய பக்கத்தையே இப்போது ஏற வேண்டும். ஆனால் ஏறியபின் இறக்கம் மெதுவாக வரும். கல்பாலமும் 30-க்குப் போய்விடும், கூட்டமே இருக்காது.

மேட்டுக்காரன்:
ஏற்றம் செங்குத்தாகவும் இறக்கம் மெதுவாகவும் இருந்தால் தொடை பிழைத்தது. அதுதான் சரியான முறை. ஏறுகிற இடத்தில் நடக்கச் சொல்லி ஒரு பலகை வையுங்கள், வெட்கப்படாமல் நடப்பார்கள்.

வெள்ளைப்பெட்டி:
ஐந்து பக்கச் சாலைகளும் எதிர்த்திசையிலும் எனக்குப் பயன்படுமா என்று பார்க்க வேண்டும். ஆம்புலன்ஸ் ஓடுகிறவர்களுக்கு எதிராக வரக்கூடாது. பனிக்கட்டித் தொட்டியை முனைக்குக் கீழே வைக்கலாம் என்றிருந்தேன், இப்போது கல்பாலத்துக்கும் கால்வாய்க்கும் நடுவில். வரைபடத்தை அனுப்புங்கள்.

அளவுநாடா:
எதிர்த்திசை என்றால் திரும்ப அளக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். வளையத்தில் சாலை முழு அகலமும் திறந்திருந்தால் குறுகிய வழி இரண்டு திசையிலும் ஒன்றுதான், அளவு மாறாது. பாதி அகலம்தான் என்றால் வளைவுகள் உள்ளும் வெளியும் மாறிவிடும், முழுதாகத் திரும்ப அளக்க வேண்டும். வளையத்தில் வண்டிகளை நிறுத்த அனுமதி கிடைக்குமா என்று முதலில் கேட்டுச் சொல்லுங்கள். அது தெரியாமல் நான் சைக்கிளை எடுக்க மாட்டேன்.

ஆற்றோரன்:
திங்கட்கிழமை கேட்கிறேன். வயல்காரர்களிடமும் ஒரு சுற்று பேச வேண்டும், அறுவடைக்கு டிராக்டர் அந்தச் சாலையில்தான் வரும்.

கடைசிவரிசை:
நான் இந்த ஞாயிறு எதிர்த்திசையில் வளையத்தை நடந்து பார்க்கப் போகிறேன். 25-லிருந்து 32 வரை நிழல் எங்கே விழுகிறது, எங்கே விட்டுப்போகிறது என்று நேரத்தோடு குறித்துக்கொண்டு வருகிறேன். ஆற்றோரன் தம்பி, அந்த மூன்று நாய் வீடு புதுத் தடத்திலும் இருக்கிறதா?

ஆற்றோரன்:
இருக்கிறது அக்கா. 15-ல். இப்போது உங்களுக்கு எதிரே வரும்.